புற்றுநோய் வலியோடு வாழ்தல்: உடலுக்கும் மனத்துக்கும் ஒரு வழிகாட்டி

புற்றுநோய் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதால் நோயாளிக்கு எந்த நன்மையும் விளைவதில்லை. அடக்கி வைத்த வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, பசியைக் குறைக்கிறது, நடமாட்டத்தை ஒடுக்குகிறது, அடுத்த சுற்றுச் சிகிச்சையைத் தாங்குவதற்கான வலுவையும் உடலிலிருந்து பறித்துவிடுகிறது. மாதக்கணக்கில் நீடிக்கும்போது மனத்தையும் அரிக்கத் தொடங்குகிறது. அப்படியிருந்தும், மருத்துவர் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு வருபவர்களே அதிகம். வலி கூடியிருப்பதாகச் சொன்னால் நோய் முற்றிவிட்டது என்று உறுதியாகிவிடுமோ என்ற பயம் ஒருவருக்கு. வலியைப் பற்றிப் பேசினால் மருத்துவரின் கவனம் நோயிலிருந்து விலகிவிடுமோ என்ற தயக்கம் இன்னொருவருக்கு. வீட்டில் உள்ளவர்களை மேலும் கலங்கவைக்கக் கூடாதே என்ற அன்பு வேறொருவருக்கு. மூன்றும் புரிந்துகொள்ளக்கூடியவை, ஆனால் மூன்றின் விலையையும் நோயாளியின் உடல்தான் கொடுக்கிறது.

எல்லா வலியையும் முழுதாக நீக்கிவிட முடியும் என்று சொல்ல இயலாது. ஆனால் பெரும்பாலானோருக்கு, தூங்கவும் உண்ணவும் நடக்கவும் பிடித்தவர்களோடு பேசவும் முடிகிற அளவுக்கு அதைக் குறைக்க முடியும். அதற்கு இரண்டு செயல்கள் ஒருசேர நடக்க வேண்டும்: வலியைத் துல்லியமாகச் சொல்வது, மனத்தின் துன்பத்தையும் வலியின் ஒரு பகுதியாகவே கொண்டு சிகிச்சை கேட்பது.

வலியை எப்படிச் சொல்வது

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியையே மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. புற்றுநோயில் அதற்கு ஒரே காரணம் இருப்பது அரிது. கட்டி எலும்பையோ நரம்பையோ உள்ளுறுப்பையோ அழுத்துவதால் ஒரு வலி வரலாம். மார்பக அறுவைக்குப் பின் நெஞ்சிலும் கையின் உட்புறத்திலும் தங்கிவிடுவது போலச் சிகிச்சையே விட்டுச்சென்ற வலியும் இருக்கலாம். பாக்லிடாக்சல், ஆக்ஸாலிபிளாட்டின், வின்கிறிஸ்டின் போன்ற கீமோதெரபி மருந்துகள் கைகால் விரல்களின் நரம்புகளைப் பாதித்து, மரத்துப்போதலையும் எரிச்சலையும் உண்டாக்குவதுண்டு. ஒருவருக்கே இரண்டு மூன்று வகை வலிகள் ஒரே நேரத்தில் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

ஆகவேதான் “வலிக்கிறது” என்ற ஒரு சொல் மருத்துவருக்குப் போதாது. எரிகிறதா, மின்சாரம் பாய்வதுபோல் சுள்ளென்று இழுக்கிறதா, ஊசி குத்துகிறதா என்று சொன்னால் அது நரம்பு வலியாக இருக்கலாம் என்று அவர் ஊகிப்பார். ஓரிடத்தில் நிலையாகக் குடைகிறது, அசைந்தால் கூடுகிறது, இரவில் மோசமாகிறது என்றால் எலும்பை நினைப்பார். வயிற்றைப் பிசைகிறது, எங்கே என்று விரலால் காட்ட முடியவில்லை என்றால் உள்ளுறுப்பு வலியைப் பற்றி யோசிப்பார். வீட்டில் எந்தச் சொல்லை வழங்குகிறீர்களோ அதையே சொல்லுங்கள். மருத்துவச் சொல் தேவையில்லை.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இதற்குப் பெரிதும் உதவும். வலியே இல்லை என்றால் 0, கற்பனை செய்யக்கூடிய மிகக் கடுமையான வலி என்றால் 10 என்று வைத்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும், கூடுதல் மருந்து எடுத்துக்கொள்ளும் போதெல்லாமும் எண்ணைக் குறித்துவையுங்கள். மருந்துக்குப் பின் எவ்வளவு நேரத்தில் எந்த எண்ணுக்கு இறங்கியது, திரும்ப எப்போது ஏறியது என்பது அதைவிடவும் முக்கியம். எண்ணுக்குப் பக்கத்தில், அந்த வலியால் என்ன செய்ய முடியவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். “6” என்பதைவிட “6, குளிக்க உட்கார முடியவில்லை” என்பது மருத்துவருக்குத் தெளிவான வழியைக் காட்டும். அன்றைய மனநிலையையும் இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுவது நல்லது. தூக்கமற்ற இரவுக்கு மறுநாள் வலி ஏறுவதையும், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நாள்களில் அது கூடுவதையும் சில வாரங்களில் நீங்களே காண்பீர்கள்.

மருந்தை எப்படி எடுப்பது

உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான தன் வழிமுறையை 1986இல் வெளியிட்டது. 2018இல் அதைப் புதுப்பித்தது. அதன் இரண்டு அடிப்படைகளை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். இயன்றவரை வாய் வழியாகவே மருந்து கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு அல்ல, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நிலையாக இருக்கும் வலிக்கு மருந்தின் அளவு இரத்தத்தில் குறையும் முன்பே அடுத்த வேளை மருந்து உள்ளே போக வேண்டும். வலி ஏறிய பின் துரத்திப் பிடிக்க முயன்றால் அதிக மருந்தும் அதிக நேரமும் தேவைப்படும்; இடையில் அனுபவித்த வேதனை அடுத்த முறையைப் பற்றிய அச்சமாக மனத்தில் தங்கும்.

வேளை தவறாமல் மருந்து எடுத்தும் நடுவில் திடீரென்று பாயும் வலியை மருத்துவர்கள் பிரேக்த்ரூ வலி என்பார்கள். அதற்கென்று விரைவாக வேலைசெய்யும் தனி மருந்தும் அளவும் எழுதித் தரப்பட்டிருக்க வேண்டும்; தரப்படவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். வாய்வழியாக எடுக்கும், விரைவாக வேலைசெய்யும் வகை மார்பின் (கடுமையான வலிக்கான வலுவான மருந்து) பலன் தர ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும் என்பதால், குளிப்பது, கட்டு மாற்றுவது, உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போவது போன்று வலியைத் தூண்டும் செயல்களுக்கு அரைமணி முன்னதாக அதை எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரே நாளில் மூன்று நான்கு முறைக்கு மேல் இந்த இடைமருந்து தேவைப்படுகிறது என்றால் அடிப்படை மருந்தின் அளவை மறுபரிசீலனை செய்யும் நேரம் வந்துவிட்டது. நீங்களாகக் கூட்டாமல் அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள்.

மார்பின் என்ற பெயரைக் கேட்டாலே பல வீடுகளில் முகம் மாறிவிடுகிறது. அது கடைசி நாள்களுக்கான மருந்து என்பது தவறு: வலியின் கடுமையைப் பார்த்துத்தான் மார்பின் தரப்படுகிறதே தவிர, எஞ்சியிருக்கும் ஆயுளைப் பார்த்து அல்ல. இப்போதே தொடங்கினால் பின்னால் வேலைசெய்யாது என்பதும் சரியல்ல. தேவைக்கேற்ப அளவைக் கூட்டவோ வேறு ஓபியாய்டு மருந்துக்கு (மார்பின் வகையைச் சேர்ந்த வலுவான வலிமருந்து) மாற்றவோ இடமுண்டு. அடிமையாகிவிடுவோம் என்ற அச்சத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சில வாரங்கள் எடுத்த பிறகு திடீரென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு வருவது உடல் அந்த மருந்துக்குப் பழகியதன் விளைவு. படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் அது தவிர்க்கப்படும். அடிமையாதல் என்பது தீங்கு தெரிந்தும் கட்டுப்பாடின்றி மருந்தைத் தேடி ஓடும் வேறொரு நிலை. மருத்துவர் கண்காணிப்பில் வலிக்காக எடுப்பவர்களுக்கு அது வருவது குறைவு. ஆனால் வரவே வராது என்று சொல்லிவிட முடியாது. முன்பு மது அல்லது வேறு போதைப் பழக்கம் இருந்திருந்தாலோ, வலிக்காக அல்லாமல் கவலையை மறக்க மாத்திரையைத் தேடும் எண்ணம் வந்தாலோ, அதை மறைக்காமல் சொல்வது மருந்தைப் பறிகொடுப்பதற்கு வழியாகாது, பாதுகாப்பாகப் பெறுவதற்கே வழியாகும்.

பக்கவிளைவுகளில் குமட்டலும் மயக்கமும் பெரும்பாலும் சில நாள்களில் தணியும். மலச்சிக்கல் தணியாது. மார்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும்; மார்பின் இருக்கும்வரை அதுவும் இருக்க வேண்டும். வலி குறைந்தும் மலச்சிக்கலின் அவதி தாங்காமல் நல்ல மருந்தைக் கைவிடுவோர் இருக்கிறார்கள், அதைக் காணும்போது மிகுந்த வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் முன்கூட்டியே கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம். மெதுவாகக் கரையும் மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. ஃபென்டனில் என்ற ஓபியாய்டு மருந்தைத் தோல் வழியாகச் செலுத்தும் ஒட்டுப்பட்டை ஒட்டியிருந்தால் அதன் மேல் வெந்நீர்ப் பையையோ வேறு சூட்டையோ வைக்கக் கூடாது. சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். மதுவும், மருத்துவருக்குத் தெரியாமல் எடுக்கும் தூக்க மாத்திரையும் இவற்றோடு சேர்ந்தால் சுவாசத்தை ஆபத்தான அளவுக்குக் குறைக்கும். எல்லாவற்றையும் குழந்தைகளுக்கும் விருந்தினருக்கும் எட்டாதபடி பூட்டி வையுங்கள்.

எல்லா வலிக்கும் மார்பினே விடை என்பதும் இல்லை. நரம்பு வலிக்கு காபாபென்டின், பிரகாபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்ஸிடின் போன்றவை உதவலாம். எலும்புக்குப் பரவிய நோயின் வலிக்குக் கதிர்வீச்சு, பல சமயம் ஒரே ஒரு அமர்வு, நல்ல நிவாரணம் தரும். முதல் சில நாள்களில் வலி சற்றுக் கூடிப் பின்னர் வாரங்களில் குறையக்கூடும் என்பதை அறிந்திருந்தால் அந்த நாள்களில் மனம் உடையாது. கணையப் புற்றுநோயின் மேல்வயிற்று வலிக்கு நரம்புப் பின்னலில் ஊசி போட்டு உணர்ச்சியைத் தடுக்கும் முறை இருக்கிறது. வழக்கமான மருந்துகளால் வலி அடங்கவில்லை என்றால் வலி மருத்துவ நிபுணரிடமோ, நோயின் வேதனைகளைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்ட நோய்த்தணிப்புச் சிகிச்சைக் குழுவிடமோ அனுப்பும்படி கேளுங்கள். நோயை எதிர்க்கும் சிகிச்சையோடு சேர்த்தே நோய்த்தணிப்புச் சிகிச்சையைத் தொடங்கலாம். பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளைப் பற்றி 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அதைத் தொடக்கத்திலேயே பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாகவும் வாழ்க்கைத்தரம் மேலாகவும் இருந்தன; சராசரியாக அவர்கள் சற்று அதிக காலம் வாழவும் செய்தார்கள்.

வலி மனத்துக்குள் செய்யும் வேலை

வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களைப் பராமரிக்கும் நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் 1960களில் ‘முழுமையான வலி’ என்ற கருத்தை முன்வைத்தார். நோயாளி சொல்லும் வலியில் உடலின் வேதனையோடு மனத்தின் அச்சமும், குடும்பம், வேலை, பணம் பற்றிய கவலையும், “ஏன் எனக்கு?” என்ற கேள்வியும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன என்பதே அது. அதே காலத்தில், 1965இல், வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் உடலிலிருந்து வரும் வலிச் செய்திகள் தண்டுவடத்தில் கூட்டப்படவோ குறைக்கப்படவோ முடியும் என்றும், மூளையிலிருந்து இறங்கும் செய்திகளும் அதைத் தீர்மானிக்கின்றன என்றும் விளக்கினார்கள். பயமும் தூக்கமின்மையும் நம்பிக்கையிழப்பும் வலியைக் கூட்டுகின்றன என்றால் அது கற்பனை வலி என்று பொருளல்ல. அந்த வலி நரம்பு மண்டலத்தில் உண்மையாகவே கூடுகிறது. மனநல உதவி பெறும்படி மருத்துவர் சொன்னால், உங்கள் வலியை அவர் நம்பவில்லை என்று கொள்ளாதீர்கள்.

புற்றுநோய் வலிக்கு மற்ற நாள்பட்ட வலிகளில் இல்லாத ஒரு சுமை உண்டு: ஒவ்வொரு குத்தலும் ஒரு செய்தியாகக் கேட்கிறது. முதுகு பிடித்தால்கூட “பரவிவிட்டதா?” என்ற எண்ணம் ஓடுகிறது. அந்த எண்ணம் தசைகளை இறுக்குகிறது, இறுகிய தசை வலியைக் கூட்டுகிறது, கூடிய வலி எண்ணத்தை உறுதிப்படுத்துகிறது. இந்தச் சுழலை உடைக்க, எண்ணத்தை அடக்க முயல வேண்டாம், எழுதிப் பாருங்கள். “இந்த வலி புதிதா, பழையதா? நேற்று என்ன செய்தேன்? மருந்து வேளை தவறியதா? இதைப் பற்றி யாரிடம், எப்போது கேட்கப்போகிறேன்?” என்ற கேள்விகளுக்கு நோட்டில் பதில் எழுதும்போது, பேரச்சமாக இருந்தது கேட்க வேண்டிய ஒரு கேள்வியாகச் சுருங்குகிறது. அறிவாற்றல்சார் நடத்தைச் சிகிச்சை தரும் உளவியலாளர் இதையே முறையாகக் கற்றுத்தருவார்.

இன்னொரு பொறி, நல்ல நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள்கள் படுத்துக்கிடப்பது. அதன் மறுபக்கம், வலிக்குமோ என்று பயந்து அசையாமலே இருப்பது. அதனால் தசை தளர்ந்து, சிறு அசைவும் வலிக்கும் நிலை வருகிறது. இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: வலியைக் கேட்டு நிறுத்தாமல் நேரத்தைப் பார்த்து நிறுத்துவது. பத்து நிமிடம் வலி ஏறாமல் நடக்க முடிகிறது என்றால் நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏழெட்டு நிமிடத்திலேயே நின்று ஓய்வெடுத்து, வாரந்தோறும் சிறிது கூட்டிக்கொண்டு போங்கள். எலும்பில் நோய் இருந்தால் எந்த அசைவு பாதுகாப்பானது என்று முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது கட்டாயம்.

மூச்சுப் பயிற்சி, தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, இதமான ஓரிடத்தை மனத்தில் கற்பனை செய்யும் மனக்காட்சிப் பயிற்சி, பயிற்சி பெற்றவர் வழிநடத்தும் ஆழ்ந்த தளர்வு நிலையான ஹிப்னாஸிஸ் ஆகியவை மருந்துக்கு மாற்று அல்ல, துணை. மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் வாயால் விட்டு, ஐந்து நிமிடம் இருந்தால் போதும். வலி உச்சத்தில் இருக்கும்போது முதன்முறையாக முயன்றால் பயன் தெரியாது, அதனால் அமைதியான நேரத்தில் தினமும் பழகி வையுங்கள். வலியுள்ள இடத்தில் புண் இருந்தால் தசை இறுக்கும் பயிற்சியில் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பகலில் பேச்சும் வேலையும் ஓரளவு தாங்கிக்கொண்டிருந்த வலி, வீடு அடங்கியதும் முழு உருவோடு வந்து நிற்கும். இரவு வேளை மருந்து விடியும்வரை தாங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுதான் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குத் தூக்கமின்மையும் எரிச்சலும் அந்த மருந்தாலேயே வரலாம். அதைக் காலையில் எடுக்கலாமா என்று கேளுங்கள். அரைமணிக்கு மேல் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பிப் படுப்பது நல்லது.

சோர்வு, பசியின்மை, எடைக்குறைவு ஆகியவை நோயாலும் சிகிச்சையாலும் வரும் என்பதால் மனச்சோர்வு அவற்றுக்குள் ஒளிந்துகொள்கிறது. அதைக் கண்டுபிடிக்க உடலைப் பார்க்காமல் விருப்பத்தைப் பார்க்க வேண்டும். வலி குறைந்திருக்கும் நேரத்திலும் பிடித்த எதிலும் மனம் செல்லவில்லை, தான் பயனற்றவர், பிறருக்குப் பாரம் என்ற எண்ணம் விலகவில்லை, இனி எதுவும் மாறாது என்று தோன்றுகிறது, இது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கிறது என்றால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். பேச்சுச் சிகிச்சையும் மருந்தும் இதற்கு உண்டு. மருந்தின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். டுலாக்ஸிடின் போன்ற மருந்து மனச்சோர்வுக்கும் கீமோதெரபியால் வந்த நரம்பு வலிக்கும் சேர்த்தே உதவக்கூடும். ஆனால் மனச்சோர்வு மருந்துகளில் சில, மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமாக்ஸிஃபென் மருந்து வேலைசெய்வதைக் குறைக்கும் என்பதால் எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரையும் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

“இதைவிடச் செத்துப்போகலாம்” என்ற எண்ணம் கடும் வலியில் பலருக்கு வருகிறது. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் அது வலியிலிருந்தும் தனிமையிலிருந்தும் விடுதலை கேட்கும் குரல். இரண்டுக்கும் உதவி உண்டு. ஆனால் எப்படி, எப்போது என்று மனம் திட்டமிடத் தொடங்கினால் தனியாக இருக்காதீர்கள். உடனே ஒருவரைக் கூப்பிட்டு அருகில் இருக்கச் சொல்லுங்கள், மருந்துகளை அவரிடம் ஒப்படையுங்கள், அவசர சிகிச்சைப் பிரிவையோ உதவி எண்ணையோ அன்றே அழையுங்கள். குடும்பத்தினர் சந்தேகப்பட்டால் நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை.

உடனிருப்பவர்களுக்கு

“அதையே நினைக்காதே”, “தைரியமாக இரு” என்ற சொற்கள் அன்போடு சொல்லப்பட்டாலும், இனி இவரிடம் வலியைப் பற்றிச் சொல்லக் கூடாது என்றே நோயாளிக்குக் கேட்கும். “இப்போது எந்த எண்? என்ன செய்தால் கொஞ்சம் லேசாகும்?” என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்து வலியை அளக்காதீர்கள்; நாள்பட்ட வலியுள்ளவர் 7இல் இருந்தும் சிரித்துப் பேசக்கூடும். கோபப்பட்டால் அது உங்கள் மேல் உள்ள கோபம் என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். முடிந்த ஒரு பொறுப்பை, சிறிதானாலும், அவரிடமே விட்டுவையுங்கள். எல்லாவற்றையும் கையிலிருந்து வாங்கிக்கொண்டால் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம்தான் வளரும். உங்களுக்கும் தூக்கமும் மாற்று ஆளும் வேண்டும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. புதிய முதுகுவலியோடு கால் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமை ஆகியவை தண்டுவடம் அழுத்தப்படுவதைக் காட்டலாம். மணிக்கணக்கில் தாமதித்தாலும் நடக்கும் திறனை இழக்க நேரிடலாம். எழுப்ப முடியாத மயக்கம், மிக மெதுவான சுவாசம், ஊசிமுனையளவு சுருங்கிய கண்மணி ஆகியவை ஓபியாய்டு அளவு மிகுந்ததன் அடையாளங்கள். கீமோதெரபி காலத்தில் காய்ச்சலும், எந்த மருந்துக்கும் அடங்காத திடீர் வலியும் அதேபோல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

சிகிச்சை முடிந்த பிறகும் வலி இருந்தால்

நோய் போய்விட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகும் வலி தொடர்வது மிகவும் தனிமைப்படுத்துகிறது. சுற்றியுள்ளவர்கள் கொண்டாடும்போது “இன்னும் வலிக்கிறது” என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். சொல்லுங்கள், சிகிச்சையால் வந்த நரம்பு வலியும் அறுவை வலியும் நோய் நீங்கிய பின்னும் நீடிக்கக்கூடியவை, அவற்றுக்குத் தனிச் சிகிச்சை உண்டு. வலி திரும்பும்போதெல்லாம் நோய் திரும்பிவிட்டதாக அஞ்சாமலும், எதையும் அலட்சியப்படுத்தாமலும் இருக்க, மருத்துவரிடம் ஓர் எல்லையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த வலி பழையது, எத்தகைய வலி எத்தனை நாள் நீடித்தால் அழைக்க வேண்டும். புதிய இடத்தில் தோன்றி, தூக்கத்திலிருந்து எழுப்பி, வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகும் வலியைப் பொதுவாக உடனே காட்ட வேண்டும். இந்தக் கட்டத்தில் ஓபியாய்டு மருந்து இன்னும் தேவையா என்பதையும் மருத்துவரோடு பேசுங்கள். தேவையில்லை என்று முடிவானால், எந்த வாரம் எவ்வளவு குறைப்பது, இடையில் வலி ஏறினால் யாரை அழைப்பது என்பதை எழுதி வாங்கிய பிறகே குறைக்கத் தொடங்குங்கள்.